கண்ணாடி போட்ட எருமை

ஜெயவேலுவின் வயது என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் ஒன்று, ஓட்டு அட்டையில் ஒன்று, வாயில் ஒன்று. வாயில் சொல்வது நாற்பத்திரண்டு. ஊரப்பாக்கத்தில் நான் டீக்கடை போட்ட வருஷமும் அவன் நாற்பத்திரண்டுதான் சொன்னான். கடை போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது.

சனிக்கிழமை காலையில் பால் ஊற்றிவிட்டு வந்தான் என்றால் என் கடைப் பெஞ்சில் உட்காரமாட்டான். நேராகப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போய் இரண்டு டை பாக்கெட் வாங்குவான். ஒன்று தலைக்கு, ஒன்று மீசைக்கு. தலை சின்னது, மீசை பெரியது, அதனால் சரிக்குச் சரி. மழை, வெள்ளம், ஊரடங்கு எதிலும் அது நின்றதில்லை. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. நாலு மாசத்தில் விட்டுவிட்டு வந்தான். ஏன்டா என்றேன்.

"ஹெல்மெட்டு போட்டா முடி படிஞ்சிப் போவுது பாய். அப்புறம் இன்னாத்துக்கு உயிரு வாய்றது."

இப்படிப்பட்டவன் வளர்த்தது எருமை. அதுவும் ஒன்றே ஒன்று. பெயர் தாரணி. மூன்றாவது குறுக்குத் தெருவுக்குத் தார் ரோடு போட்ட அன்றைக்குப் பிறந்ததாம். "கொதிக்கிற தாரு ஒரு பக்கம், கன்னுக்குட்டி ஒரு பக்கம். எது எதுன்னு எனக்கே தெரியல பாய்," என்பான். அந்த எருமைக்கு வாரம் ஒரு முறை கொம்பில் எண்ணெய் தடவுவான். தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுவான். வெயிலில் நின்றால் அதன் முதுகில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வாரியிருக்கிறான், நானே பார்த்தேன். அவன் சம்சாரம் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்கிறாள். "என்ன ஒரு நாளு இப்படிப் பாத்ததில்ல இந்த மனுசன்," என்று என் கடையில் வைத்தே சொல்லிவிட்டுப் போவாள். அவன் கேட்காத மாதிரி மீசையைத் தடவிக்கொள்வான்.

என் கடைக்கு எதிரில் முத்துமாலை அவென்யூ. வரிசை வீடுகள், நாலு அடுக்குமாடிகள், வாசலில் ஒரு வளைவு. உள்ளே பூங்காவுக்கென்று ஒரு பெரிய மனை விட்டார்கள். பூங்கா வரவில்லை, பலகை மட்டும் வந்தது. பள்ளமான இடம். அடுக்குமாடிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்து அதில்தான் விடுகிறார்கள். தண்ணீர் நிற்க நிற்க நீர்ப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. ஒரு நாள் அதிலிருந்து ஒரு சாரைப் பாம்பு கிளம்பி, அவென்யூ சங்கத் தலைவர் ராஜகோபாலன் சாரின் கார் நிழலில் வந்து படுத்துக்கொண்டது.

ராஜகோபாலன் சார் பெரிய ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் எழுத்தில் போடாமல் செய்யமாட்டார். அந்தப் பாம்புக்கே ஒரு சுற்றறிக்கை விட்டார். பாம்பு அதைப் படிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஜெயவேலுவைத் தேடி என் கடைக்கு வந்தார்.

"ஜெயவேலு, உன் எருமையை அந்த பிளாட்ல தினம் மேய விடேன். புல் குறையும். எங்களுக்கும் ஒரு சர்வீஸ்."

எருமைக்குப் பச்சைப் புல், சங்கத்துக்குப் புல் வெட்டும் செலவு மிச்சம். ரெண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அவென்யூவில் இருபத்திரண்டு வீடுகளுக்குத் தாரணியின் பால். மிச்சம் என் கடைக்கு. அந்தப் பாலில் போட்ட டீயைக் குடித்துவிட்டு எங்கள் டாக்டரம்மா ஒருத்தர், "பாய், இது டீ இல்ல, பாயசம்," என்று சொன்னதுண்டு.

போன தை மாசத்தில் ராஜகோபாலன் சாருக்குப் புதுக் கவலை வந்தது. மனையிலிருந்து நாற்றம், கொசு. ரெண்டு லோடு சுண்ணாம்புத் தூள் வரவழைத்து மனை முழுக்கக் கொட்டினார். பச்சை மனை வெள்ளை மனை ஆனது. நாற்றம் குறைந்தது. கொசு இடம் மாறி என் கடைக்கு வந்தது. சங்க அறிவிப்புப் பலகையில் "நிர்வாகத்தின் சாதனைகள்" என்று அச்சடித்து ஒட்டினார்கள். அதில் மூன்றாவது சாதனை சுண்ணாம்பு. ஒரு மழைக்குப் பிறகு சுண்ணாம்பு மண்ணில் இறங்கிப் புல் முன்னை விடப் பச்சையாக எழுந்தது. அதில் ஏதோ பயறு மாதிரி ஒரு கொடியும் படர்ந்தது. தாரணி அந்தக் கொடியைத் தேடித் தேடித் தின்றது.

சித்திரையில் தாரணியின் முதுகு ஒரு மாதிரி செம்பட்டை ஆனது. வெயில் என்றான் ஜெயவேலு. வைகாசியில் நாலு கால் முட்டியும் காவி நிறம். சோப்பு சரியில்லை என்றான். சாணி தண்ணீர் மாதிரி போக ஆரம்பித்தது. புல் இளசு என்றான். ஆனி மாசத்தில் ரெண்டு கண்ணைச் சுற்றியும் முடி வெளுத்தது. வட்டமாக, அளவெடுத்து மாட்டின மாதிரி. அதற்கு அவன் கொம்பு எண்ணெயை எடுத்துத் தடவிப் பார்த்தான்.

பார்ப்பதற்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் அது போகும்போது எழுந்து, "குட் மார்னிங் மிஸ்," என்று பாடும். தாரணியும் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகும். ஜெயவேலு தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போவான்.

சிரிப்பு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் காலை தாரணி ராஜகோபாலன் சாரின் கார் சக்கரத்தின் மேலேயே தண்ணிச் சாணி போட்டுவிட்டது. அவர் போட்டோ எடுத்தார். சாணியை, பிறகு எருமையின் முகத்தை. ரெண்டையும் அவென்யூ வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "தோல் நோய் சந்தேகம், பால் வாங்குவோர் யோசிக்கவும்" என்று எழுதினார். மத்தியானத்துக்குள் யாரோ அதை வெண்குஷ்டம் என்றார்கள். சாயங்காலத்துக்குள் அது பால் வழியாகப் பரவும் என்று ஆகிவிட்டது. மறுநாள் இருபத்திரண்டு வீடு மூன்று வீடானது. அந்த மூன்றிலும் ஒன்று ஊருக்குப் போயிருந்தது, செய்தி தெரியாது.

என் கடையிலும் கேட்டார்கள். "பாய், இது அந்தக் கண்ணாடி எருமைப் பாலா?"

"ஆமா. குடிச்சா உனக்கும் கண்ணாடி வரும்."

"நான் ஏற்கெனவே போட்டிருக்கேனே பாய்."

"அப்ப உனக்கு இன்னா பயம். குடி."

வாய்தான் பேசியதே தவிர, பாதிப் பேர் கறுப்பு டீக்கு மாறிவிட்டார்கள்.

ஆடி முதல் வாரம் சங்கத்தின் தீர்மானம் வந்தது, எழுத்தில்தான். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். எருமைக்கு ஒட்டுநோய் இல்லை என்று அன்று தெளிவாகாவிட்டால் மனையில் மேய்ச்சல் ரத்து, அவென்யூவுக்குள் எருமை நுழையக் கூடாது. அந்த மனை இல்லை என்றால் தாரணிக்கு இங்கே வாய் வைக்க ஒரு பிடி புல் கிடையாது. மற்ற இடமெல்லாம் காம்பவுண்டு.

இதைக் கேட்டு முதலில் வந்தவன் ஏகநாதன். மாட்டுத் தரகன். பால் மாடு வாங்குகிறவன் மடியைப் பார்ப்பான். ஏகநாதன் தொடையைத் தட்டிப் பார்த்தான். தட்டிவிட்டு என் கடையில் வந்து டீ கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன் பாய். கயிறு கொண்டாரேன். நோவு வந்த மாடு, வெச்சிகினு இன்னா பண்ணப் போறான்."

"உன் டீய வேற கடையில குடி," என்றேன்.

ஜெயவேலு அன்றைக்குச் சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "பாய், அவன் தொடையத் தட்னான் பாத்தியா," என்று மட்டும் சொன்னான். அவனுக்கு ஒரு டீ போட அடுப்பைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா டீக்கு வந்தார்கள். பெயர் ஜெரூஷா. கால்நடை டாக்டர். முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டரில் போவார்கள். விஷயத்தைச் சொன்னேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரியா பாய்?"

"காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி."

"சாணி?"

"டீ குடிக்கிற நேரத்துல அத ஏன்மா கேட்கிற."

"ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் எதுவும் செய்ய வேணாம்னு சொல்லுங்க. எனக்கு அந்த வளையம் அப்படியே பார்க்கணும்."

நான் சொன்னேன். முதல் பாதியைத்தான் ஜெயவேலு கேட்டிருக்கிறான். டாக்டர் வருகிறார், கூட்டத்துக்கு முன்னால் எருமையைப் பார்ப்பார். அவ்வளவுதான் அவன் மண்டையில் ஏறியது. பெண் பார்க்க வருகிற மாதிரி எடுத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு நான் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அவன் கொட்டகைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு மருந்து வாசனை. தாரணி தூணில் கட்டியிருந்தது. முகம் கன்னங்கரேல் என்று மின்னியது. கண்ணாடி இல்லை. முட்டிக்காலில் காவி இல்லை. ஜெயவேலு ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கடைசியாக இடது புருவத்தைச் சரி செய்துகொண்டிருந்தான். கீழே ஏழு டை பாக்கெட் கிழித்துக் கிடந்தது.

"அடப்பாவி. என்னடா பண்ணி வெச்சிருக்க."

"கடையில இருந்ததே ஏயு பாய். ஏயையும் வாங்கிகினு வந்துட்டேன். இன்னும் அரை மணி நேரம் காயணும். தண்ணி மட்டும் படக் கூடாது."

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. மீசை வேரெல்லாம் வெள்ளை, தலை ஓரமெல்லாம் வெள்ளை. நேற்று சனிக்கிழமை. அவன் பங்கு பாக்கெட்டும் எருமைக்குப் போயிருந்தது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். "வா, போலாம்," என்றேன்.

கூட்டம் அந்த மனை ஓரத்தில், ஒரு பந்தலுக்குக் கீழே. முப்பது நாற்காலி. ஏகநாதன் கடைசி நாற்காலியில், மடியில் கயிறு. ஜெயவேலு தாரணியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும் எல்லோரும் பார்த்தார்கள். எருமை கறுப்பு, எருமைக்காரன் வெளுப்பு. ராஜகோபாலன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஜெயவேலு, இது அதே எருமைதானா?"

"அதே தாரணிதான் சார். சரியாயிடுச்சு. தன்னால சரியாயிடுச்சு."

"அன்னிக்கு நான் எடுத்த போட்டோவில்…"

"போட்டோல வெளிச்சம் பட்ருக்கும் சார்."

அதற்குள் ஜெரூஷா டாக்டரும் வந்துவிட்டார்கள். ஞாயிறு என்பதால் ஜி.எஸ்.டி. ரோடு காலி, சொன்னதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தார்கள். தாரணியின் முகத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"பாய், வளையம்னு சொன்னீங்க?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ராஜகோபாலன் சார் வீட்டம்மா வேதா மாமி ஒரு பெரிய செப்பு அண்டாவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமி வீட்டில் எல்லாம் செம்புதான். செப்புப் பானையில் ராத்திரி தண்ணீர் வைத்துக் காலையில் குடித்தால் எந்த நோயும் வராது என்று அவென்யூவில் பாதிப் பேரை மாற்றியவர்கள். "பாவம், வெயில்ல நிக்கறது, ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும். செப்புத் தண்ணி, உடம்புக்கு நல்லது," என்று தாரணிக்கு முன்னால் வைத்தார்கள்.

"மாமி, வாணாம்," என்று ஜெயவேலு பாய்ந்தான். ஆனால் எருமைக்கு எங்கே பொறுமை. காலையிலிருந்து தண்ணீர் காட்டவில்லை. முகத்தைக் காது வரைக்கும் அண்டாவுக்குள் விட்டது. விட்டுக் குலுக்கியது. தலையைத் தூக்கினபோது ரெண்டு கண்ணிலிருந்தும் கறுப்புத் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. கல்யாண வீட்டில் அழுது மை கரைந்த பெண் மாதிரி. வழிந்த இடத்தில் வளையம் ரெண்டும் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது.

அண்டாத் தண்ணீர் மைக்கூடு மாதிரி ஆகியிருந்தது. ஏகநாதன் மெதுவாகக் கயிற்றை அவிழ்த்துச் சுருள் சுருளாக எடுத்தான்.

"பாத்தேளா, ஏமாத்தறான்," என்றார் ராஜகோபாலன் சார். "நோயை மறைச்சு பெயின்ட் அடிச்சிருக்கான். இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

ஜெயவேலு எருமைக்கு முன்னால் வந்து நின்றான். வெள்ளை மீசை துடித்தது. "பெயின்ட் இல்ல சார். டை. நல்ல டை," என்றான்.

டாக்டரம்மா யாரையும் கவனிக்கவில்லை. கைக்குட்டையை நனைத்து வளையத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். இமையைத் தூக்கிப் பார்த்தார்கள். முட்டிக்காலைத் தேய்த்தார்கள். பிறகு ஜெயவேலுவிடம் திரும்பினார்கள்.

"கண்ணுக்குள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணா?"

"கண்ண மூடச் சொன்னேன்மா."

"மூடுச்சா?"

"நான் சொன்னா கேக்கும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள். "இது குஷ்டம் இல்ல. ஒட்டுநோய் மாதிரியும் எனக்குத் தெரியல. இந்த எருமைக்கு உடம்புல தாமிரம் குறைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணா உறுதியாத் தெரியும்."

"தாமிரம்னா?"

"செம்பு சார். முடி கறுப்பா இருக்கணும்னா உடம்புக்குக் கொஞ்சம் செம்பு வேணும். அது குறைஞ்சா முதல்ல நிறம் போகும். கண்ணைச் சுத்தி இப்படி வெளுக்கும். வயிறும் போகும்."

வேதா மாமி நிமிர்ந்தார்கள். "நான் சொன்னா யார் கேக்கறா? ஏன்னா, இனிமேலாவது அந்தச் செம்புல தண்ணி குடியுங்கோ."

ஜெயவேலு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "டாக்டரு, அப்ப நானும் செம்பு சாப்ட்டா எனக்கும் முடி கறுக்குமா?"

"உங்களுக்குச் செம்பு குறையல அண்ணா. வயசு கூடியிருக்கு."

முப்பது நாற்காலியும் சிரித்தது. ஏகநாதன் கூடச் சிரித்தான். "நாப்பத்திரண்டுதான்மா," என்று ஜெயவேலு சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

ராஜகோபாலன் சார் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் குறைஞ்சது? இத்தனை வருஷம் நன்னாதானே இருந்தது. இவன் சரியாத் தீனி போடலை, அதானே?"

"தீனி என்ன சாப்பிடுது?" என்றார் டாக்டரம்மா.

"இந்தப் புல்லுதான்," என்று ஜெயவேலு மனையைக் காட்டினான். "ஊர்லயே இதான் பச்சை."

டாக்டரம்மா செருப்போடு மனைக்குள் இறங்கினார்கள். புல்லைப் பிடுங்கினார்கள், அந்தப் பயற்றங்கொடியையும் பிடுங்கினார்கள். ஸ்கூட்டர் சாவியால் மண்ணைக் கிளறினார்கள். கீழே பொருக்குப் பொருக்காக வெள்ளை வந்தது.

"இங்க சுண்ணாம்பு கொட்டினது யாரு?"

எல்லோரும் வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். ஜெயவேலுவும் தரையைப் பார்த்தான். இருபத்திரண்டு வீட்டில் மிச்சம் இருக்கிற மூன்றில் ஒன்று ராஜகோபாலன் சார் வீடு. மாமி நிறுத்தவில்லை. அதனால் அவன் சொல்லமாட்டான். எனக்கு என்ன வந்தது. நான் அறிவிப்புப் பலகையைக் காட்டினேன்.

"அதோ எழுதியிருக்கு பாருங்கம்மா. மூணாவது சாதனை."

டாக்டரம்மா போய்ப் படித்துவிட்டு வந்தார்கள். கோபமாகப் பேசவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்கள். மண்ணில் மாலிப்டினம் என்று ஒரு பொருள் துளியளவு இருக்கும். சாதாரணமாகப் புல் அதை அதிகம் எடுக்காது. தண்ணீர் தேங்கி, சுண்ணாம்பும் சேர்ந்தால் புல் அதை நிறைய உறிஞ்சும். பயறு மாதிரிக் கொடிகள் இன்னும் உறிஞ்சும். மாடு அதைத் தின்றால், வயிற்றுக்குள் அந்த மாலிப்டினம் கந்தகத்தோடு சேர்ந்துகொண்டு செம்பைப் பிடித்துக்கொள்ளும். தீனியில் செம்பு இருந்தும் உடம்பில் சேராது, சாணியோடு போய்விடும்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் சொந்தத்தில் ஒருத்தர் உண்டு. நம் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷனிலேயே மடக்கி, டீ வாங்கிக் கொடுத்து, பேசிப் பேசி, அடுத்த தாம்பரம் ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார். விருந்தாளி வந்தது நிஜம். வீட்டுக்கு வரவில்லை. அந்த ஆள்தான் மாலிப்டினம்.

இதைச் சொன்னேன். "கரெக்ட் பாய்," என்றார் டாக்டரம்மா.

ராஜகோபாலன் சார் நின்றபடியே யோசித்தார். அவர் முகத்தில் மூன்றாவது சாதனை ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு, இதற்காகத்தான் நான் அவரை நல்ல மனுஷர் என்கிறேன், பலகையிடம் போய் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரிசல்ட் வர வரைக்கும் எருமை இருக்கட்டும்," என்றார். "மினிட்ஸ்ல எழுதிக்கோங்கோ."

"எருமை இருக்கட்டும்னு மட்டும் எழுதுங்க சார், சுண்ணாம்பு வேணாம்," என்றேன்.

ஏகநாதன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். போகிறபோது தாரணியின் தொடைப் பக்கம் கை போனது. தாரணி தலையைத் திருப்பி அந்த அரை வெள்ளைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தது. கையை எடுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துக்கொண்டு, புல்லையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்கள். மனையில் மேய்ச்சலை நிறுத்தி, வைக்கோலும் வெளியிலிருந்து சோளத் தட்டையும் போடச் சொன்னார்கள். தாமிரம் சேர்த்த தாது உப்பு ஒரு டப்பா கொடுத்தார்கள். தினம் ஒரு கரண்டி, தலை தட்டி. "அதிகம் போட்டாச் சீக்கிரம் கறுக்கும்னு போட்றாதீங்க அண்ணா. செம்பு கூடினா ஈரலே போயிடும்," என்று ரெண்டு தடவை சொன்னார்கள். ஜெயவேலுவை அவர்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

அப்படியும் அவன் சும்மா இருக்கவில்லை. உள்ளே கூடுதலாகப் போடக் கூடாது என்றுதானே சொன்னார்கள் என்று வெளியே போட்டான். மோட்டார் காயில் கட்டுகிற அன்புவிடம் போய் ஒரு பந்து செப்புக் கம்பி வாங்கி, முறுக்கி, எருமைக் கழுத்தில் தாயத்து மாதிரி கட்டினான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கழுத்துல கட்டினா வயித்துக்குப் போகாது, அதனால இருந்துட்டுப் போகட்டும்," என்றார்கள். இன்னொரு நாள் தாராள மனசு வந்து, டப்பாவில் பாதியை ஒரு பொட்டலமாகக் கட்டி என் வீட்டுக்காரி ஹஃபீசாவிடம் கொடுத்திருக்கிறான். அவள் ரெண்டு செம்மறி வளர்க்கிறாள். ஒரு ஆடு கொஞ்சம் செம்பட்டை.

"அக்கா, இத்தப் போடு. ஆடு மை மாதிரி ஆயிடும்."

நல்ல வேளை, ஹஃபீசா எதையும் என்னைக் கேட்காமல் செய்யமாட்டாள், நான் எதையும் டாக்டரம்மாவைக் கேட்காமல் செய்யமாட்டேன். போனில் கேட்டதுமே அந்தம்மா சத்தம் போட்டார்கள். எருமை தாங்குகிற செம்பைச் செம்மறி தாங்காதாம். எருமைக்கு மருந்து, செம்மறிக்கு விஷம். அந்தப் பொட்டலத்தை ஹஃபீசா ஜெயவேலு கையிலேயே திருப்பி வைத்தாள்.

"உன் எருமைய அழகு பண்றதோட நிறுத்திக்க ஜெயவேலு. என் ஆடு செம்பட்டையாவே உயிரோட இருக்கட்டும்."

ஆவணியில் ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் தாமிரம் குறைவு, புல்லில் மாலிப்டினம் அதிகம். ஒட்டுநோய் எதுவும் இல்லை. அதை டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எழுத்தில் இருந்ததால் ராஜகோபாலன் சார் உடனே நம்பிவிட்டார். மூன்றாவது சாதனை இருந்த இடத்திலேயே ஒட்டினார். வாட்ஸ்அப்பிலும் போட்டார். மூன்று வீடு ஒன்பது ஆனது, ஒன்பது பதினாறு ஆனது.

ஆனால் அதற்குள் எருமை மேயாத மனையில் புல் மறுபடி ஆள் உயரம். ஒரு நாள் காலை ராஜகோபாலன் சார் என் கடைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார். காரணம் கேட்கவே வேண்டாம், கார் நிழலில் மறுபடி சாரை.

"ஜெயவேலு, தாரணி எப்ப டியூட்டிக்கு வரும்?"

"டாக்டரு சொல்லணும் சார். லீவுல கீது."

டாக்டரம்மா யோசித்து அனுமதி கொடுத்தார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும், வைக்கோலைத் தின்ற பிறகு, தாது உப்பு நிறுத்தாமல். கொடியை மட்டும் பிடுங்கிப் போட வேண்டும். இனி ஒரு பிடி சுண்ணாம்பு விழக் கூடாது. கொடி பிடுங்குகிற வேலையை ராஜகோபாலன் சாரே எடுத்துக்கொண்டார். காலையில் தொப்பி போட்டுக்கொண்டு மனைக்குள் குனிந்து குனிந்து பிடுங்குவார். மாமி கரையில் நின்று செம்பில் தண்ணீர் நீட்டுவார்கள். குடித்துத்தான் ஆக வேண்டும்.

கறுப்பு ஒரே நாளில் வரவில்லை. பழைய முடி உதிர்ந்து புது முடி வரவேண்டும். முதலில் முதுகு, பிறகு முட்டி. வளையம் கடைசியில்தான், உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழையில் அது நனைந்து நின்றபோது நான் பார்த்தேன். ஒன்றும் வழியவில்லை.

பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள் என்று ரெண்டு நாள் "குட் மார்னிங்" சொல்லவில்லை. பிறகு பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. தாரணியை என் கடை எதிரில் நிறுத்திவிட்டு ஜெயவேலு அதன் முகத்துக்குள் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கண் ஓரத்தில் நாலைந்து முடி மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"அதுவும் போயிடும்டா," என்றேன்.

"போவலன்னாலும் பரவால்ல பாய். வுடு. ஒரு வயசுக்கு மேல நாலு வெள்ள முடி இருந்தாத்தான் ஒரு மரியாத."

நான் டீயை ஆற்றினேன். இனிமேல் இவனும் விட்டுவிடுவான் போல என்று நினைத்தேன். அவன் தாரணியின் கழுத்துக் கம்பியைத் தட்டிச் சரி பண்ணினான். பிறகு என் பெஞ்சைத் தாண்டி நேராக மளிகைக் கடைக்குப் போனான்.

"ரெண்டு பாக்கெட் குடு," என்ற குரல் கேட்டது.